வெள்ளை அணு ஏன் ஏறுகிறது, எப்போது சாகிறது: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு சின்ன ஆய்வகம். ரத்தம் எடுப்பது, கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது, இதுதான் என் வேலை. ரிப்போர்ட்டை வாங்கியவர்கள் கிளினிக்குப் போகும் முன்பே கவுண்டரில் நின்று, "அக்கா, இது என்ன இங்கே சிவப்பு எழுத்துல போட்டிருக்கு?" என்று கேட்பார்கள். நான் டாக்டர் இல்லை, மருந்து சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிவப்பு எழுத்துக்குப் பின்னால் உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும். கவுண்டரில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.

வெள்ளை அணு ஏறினால் உடம்பில் கிருமி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பல நேரம் ஆமாம், எப்போதும் இல்லை. பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருந்தால் சாதாரணம். அதில் பாதிக்கு மேல் நியூட்ரோபில் என்ற வகை. பாக்டீரியா வந்தால் முதலில் ஓடுவது இதுதான், ரிப்போர்ட்டில் எகிறுவதும் பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளை அணு கிருமியை முழுசாகப் பார்த்து எழுந்திருப்பதில்லை. கிருமியின் சுவர்த்துண்டு, கொழுப்பு, வால், டிஎன்ஏ என்று அதன் உடம்பிலிருந்து உதிரும் பாகங்களைத் தொட்டுத்தான் விழிக்கிறது. அந்தப் பாகம் உயிருள்ள கிருமியிலிருந்து வந்ததா செத்ததிலிருந்து வந்ததா என்ற கணக்கெல்லாம் பெரும்பாலும் அதற்குக் கிடையாது.

செத்த கிருமி எப்படிக் காய்ச்சல் கொடுக்கும்?

நன்றாகவே கொடுக்கும். 1892இல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி காலராக் கிருமியைச் சூடுபடுத்திக் கொன்று கினிப் பன்றிக்குள் செலுத்திப் பார்த்தார். கிருமி செத்திருந்தும் பன்றிகள் செத்தன. அந்த நஞ்சுக்கு அவர் வைத்த பெயர்தான் எண்டோடாக்சின்.

இன்றைக்கு அதை லிப்போபாலிசாக்கரைடு, சுருக்கமாக எல்பிஎஸ் என்கிறோம். ஈ.கோலை, சால்மோனெல்லா, காலரா போன்ற, கிராம்-நெகட்டிவ் என்ற வகைக் கிருமிகளின் வெளிச்சவ்வு முழுக்க இது பதிந்திருக்கும். வெளியே நீண்ட சர்க்கரைச் சங்கிலி, சவ்வுக்குள் புதைந்த கொழுப்பு. அந்தக் கொழுப்புப் பகுதிக்கு லிப்பிட்-ஏ என்று பெயர், நம் உடம்பை ஆட்டி வைப்பது அதுதான்.

எவ்வளவு கொஞ்சம் போதும் தெரியுமா? ஆராய்ச்சிக்காக ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம் வரை ஊசியில் கொடுத்திருக்கிறார்கள். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்கே ஒன்றிரண்டு மணி நேரத்தில் குளிர், நடுக்கம், காய்ச்சல், தலைவலி. ரத்தத்தில் நியூட்ரோபில் முதலில் சட்டென்று குறையும், ஏனென்றால் எல்லாம் ரத்தக் குழாய்ச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எலும்பு மஜ்ஜை தன் இருப்பைத் திறந்துவிட, சில மணி நேரத்தில் எண்ணிக்கை மளமளவென்று ஏறும். அதனால்தான் கடும் நடுக்கத்தின் ஆரம்பத்தில் எடுத்த ரத்தத்தில் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் நாங்கள் நிம்மதி அடைவதில்லை.

அப்படியானால் ஆஸ்பத்திரியில் ஏற்றும் தண்ணீரில் அது இருந்தால்?

இருக்கக் கூடாது, அதற்கென்றே சோதனை இருக்கிறது. நம் கடலோரச் சேற்றில் கிடக்கும் பெலாங்காஸ், அதாவது குதிரைலாட நண்டு, அதன் நீல ரத்தம் எல்பிஎஸ் பட்டதும் உறைந்துவிடும். அமெரிக்கப் பெலாங்காஸ் ரத்தத்தை வைத்து ஃபிரெடரிக் பேங்கும் ஜேக் லெவினும் 1960களில் இந்தச் சோதனைக்கு வழி காட்டினார்கள். பிறகு, விலங்கின் ரத்தத்தை எடுக்காமலே சோதனை செய்ய உதவும் புரதத்தை, நம் பக்கத்துச் சதுப்புநிலப் பெலாங்காஸ் மரபணுவிலிருந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங்கும் ஹோ போவும் உருவாக்கினார்கள். பெலாங்காஸ் முட்டைக் குழம்பைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் பேசலாம்.

வெள்ளை அணு அந்தத் துண்டுகளை எப்படி அடையாளம் காணும்?

தோட்டத்து ஜாகாக்காரர் திருடனின் முகத்தைப் பார்க்கவே வேண்டாம், வேலிக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒற்றைச் செருப்பைப் பார்த்தாலே ஊர்க்காரன் இல்லை என்று தெரிந்துகொள்வார். அந்த மாதிரி. மனித உடம்பு ஒருபோதும் தயாரிக்காத சில பொருள்கள் கிருமியிடம் உண்டு, அவற்றுக்கென்று வெள்ளை அணுவில் தனித்தனி ஏற்பிகள் இருக்கின்றன.

எல்பிஎஸ்ஸைப் பிடிப்பது டோல்-4 என்ற ஏற்பி. அது தனியாக வேலை செய்யாது, எம்டி-2, சிடி-14 என்ற இரண்டு புரதங்கள் கை கொடுக்க வேண்டும். கிருமியின் கொழுப்புப் புரதங்களை டோல்-2, நீந்தும் வாலில் உள்ள ஃபிளஜெல்லினை டோல்-5, கிருமியின் டிஎன்ஏவை டோல்-9 பிடிக்கின்றன. சுவரின் பெப்டிடோகிளைக்கான் துண்டுகள் செல்லுக்குள் நுழைந்துவிட்டால் நோட்-1, நோட்-2 என்ற உள் ஏற்பிகள் பார்த்துக்கொள்ளும்.

டோல்-4இன் கதையை மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். எல்பிஎஸ் எவ்வளவு போட்டாலும் அசராத ஒரு வகைச் சுண்டெலி ஆய்வகங்களில் இருந்தது. ஏன் அசரவில்லை என்று பல வருடம் துருவிய புரூஸ் பாய்ட்லரின் குழு, அதன் டோல்-4 மரபணு பழுதாகியிருப்பதை 1998இல் கண்டுபிடித்தது. 2011 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. எல்பிஎஸ் ஊசிக்குச் சாகாத அதே எலி, உயிருள்ள சால்மோனெல்லா கொஞ்சம் உள்ளே போனால் சுலபமாகச் செத்துவிடும். நஞ்சு தெரியாத உடம்புக்குக் கிருமி வந்ததும் தெரியாது.

விழித்த வெள்ளை அணு என்னதான் செய்யும்?

குழாய்ச் சுவரில் ஒட்டும், நழுவி வெளியே போகும், கிருமியின் வாசனையைப் பிடித்து ஊர்ந்து போய் விழுங்கும். ஆக்சிஜனைக் கொண்டு வெளுப்பு மருந்து மாதிரியான அமிலத்தை உள்ளேயே தயாரித்து எரிக்கும். விழுங்க முடியாவிட்டால் தன் டிஎன்ஏவையே வலையாக வெளியே வீசி எறியும். இந்த வலையை 2004இல் பெர்லினில்தான் முதன்முதலில் விவரித்தார்கள்.

மைக்ரோஸ்கோப்பில் இது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: சாதாரண நியூட்ரோபிலின் கரு மூன்று நான்கு மடலாக ஊதா நிறத்தில் இருக்கும், சுற்றிலும் மங்கிய இளஞ்சிவப்பு. கடுமையான தொற்றில் அந்த இளஞ்சிவப்புக்குள் கருநீலப் புள்ளிகள் தடித்துத் தெரியும், அங்கங்கே துளை விழுந்த மாதிரி வெற்றிடங்கள் இருக்கும். மடல் பிரியாமல் வளைந்த கருவோடு முதிராத அணுக்களும் கூட்டமாக வரும், மஜ்ஜை அவசரத்தில் அனுப்பிவிட்ட பிஞ்சுகள் அவை. மெஷின் கொடுக்கும் எண்ணிக்கையைவிட இந்தக் காட்சியைத்தான் நான் நம்புவேன்.

ஒரு நியூட்ரோபில் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும்?

ரத்தத்தில் ஒரு நாளுக்கு உள்ளாகவே பெரும்பாலானவற்றின் கதை முடிந்துவிடும் என்பதுதான் வழக்கமான கணக்கு. கூடுதல் நாள் வாழும் என்று சொல்லும் ஆய்வும் உண்டு, அதில் சர்ச்சை இருக்கிறது. எப்படியும் குறுகிய ஆயுள்தான். அதனால்தான் மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபிலை உற்பத்தி செய்கிறது.

தொந்தரவு இல்லாவிட்டால் அது சத்தமில்லாமல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். இதை அபோப்டோசிஸ் என்பார்கள். செல் சுருங்கும், ஆனால் உடைந்து சிந்தாது. பக்கத்தில் இருக்கும் மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல் அதை அப்படியே விழுங்கிவிடும், விழுங்கிய மேக்ரோபேஜும் "போதும், அடங்குங்கள்" என்ற சமிக்ஞையை வெளியே விடும். உடம்பின் சண்டை ஓய்வதே இப்படித்தான்.

இப்போது கிருமித்துண்டு வருகிறது. எல்பிஎஸ் டோல்-4ஐத் தொட்டதும் உள்ளே என்எஃப்-கப்பா-பி என்ற சுவிட்ச் போடப்படும், எம்சிஎல்-1 போன்ற காக்கும் புரதங்கள் கரையாமல் நிற்கும், சாவு தள்ளிப்போகும். சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் அணு இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நியூட்ரோபிலைச் சுத்தமாகத் தனியே பிரித்து எல்பிஎஸ் கொடுத்தால் ஆயுள் கொஞ்சம்தான் நீள்கிறது, கூடவே மோனோசைட் என்ற இன்னொரு வெள்ளை அணு சிறிதளவு கலந்திருந்தால் நன்றாகவே நீள்கிறது. அதாவது எல்பிஎஸ்ஸைப் பார்த்த மோனோசைட் வெளியே விடும் பொருள்கள்தான் பக்கத்து வீட்டு நியூட்ரோபிலைப் பிடித்து நிறுத்தி வைக்கின்றன. சோதனைக் குழாயில் செல்லைச் சரியாகப் பிரிக்காமல் செய்த ஆய்வின் முடிவை நம்பினால் ஆளையே மாற்றிக் கைகாட்டிவிடுவோம்.

துண்டைத் தொட்டால் ஆயுள் நீளும், முழுக் கிருமியை விழுங்கினால் பெரும்பாலும் ஆயுள் குறையும். விழுங்கிய வேலை முடிந்தது, கிருமியோடு சேர்ந்து பத்திரமாகச் சாகட்டும் என்று உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அது.

நீண்ட நேரம் வாழ்ந்தால் நல்லதுதானே அக்கா?

எங்கே, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்தது. காலில் ஒரு கட்டி இருக்கும் இடத்தில் நல்லது. உடம்பு முழுக்கக் கிருமித்துண்டு பரவிய செப்சிஸில், சாக மறுக்கும் நியூட்ரோபில்கள் நுரையீரல், சிறுநீரகம் என்று போய் உட்கார்ந்து, கிருமிக்கென்று வைத்திருந்த அமிலத்தையும் நொதிகளையும் நம் திசு மேலேயே கொட்டும். அதே நேரத்தில், கிருமியை நினைவில் வைத்துக் குறி பார்த்து அடிக்க வேண்டிய லிம்போசைட்டுகள் கூட்டம் கூட்டமாக அபோப்டோசிஸில் சாகும். சாக வேண்டியது சாகவில்லை, சாகக் கூடாதது சாகிறது. செப்சிஸ் ரிப்போர்ட்டில் நியூட்ரோபில் ஏறியும் லிம்போசைட் விழுந்தும் ஒன்றாகத் தெரிவதை நாங்கள் நிறையப் பார்க்கிறோம்.

எல்பிஎஸ்ஸை அடைத்துவிட ஒரு மருந்து போட்டால் போதாதா?

முயற்சி செய்தார்கள். எரிட்டோரான் என்ற மருந்து லிப்பிட்-ஏ மாதிரியே இருந்து டோல்-4ஐ அடைத்துக்கொள்ளும். சுமார் 2,000 கடும் செப்சிஸ் நோயாளிகளிடம் சோதித்து 2013இல் முடிவு வெளியிட்டார்கள், இறப்பு குறையவில்லை. நோயாளி ஐசியூவுக்கு வந்து சேரும்போது மணி எப்போதோ அடித்தாகிவிட்டது, அப்புறம் மணியின் நாக்கைப் பிடித்து என்ன பயன் என்பது என் எண்ணம்.

கிருமி திருப்பி வெள்ளை அணுவைக் கொல்லுமா?

தாராளமாக. சில ஸ்டஃபைலோகாக்கஸ் வகைகள் பிவிஎல் என்ற புரதத்தை விட்டு வெள்ளை அணுவின் சவ்வில் ஓட்டை போடும். தீராத கொப்புளக் கட்டிகளில் இதைப் பார்க்கலாம். புண்ணில் பச்சை நிறத்தைக் கொண்டுவரும் சூடோமோனாஸ், பயோசயனின் என்ற சாயத்தால் நியூட்ரோபிலைச் சீக்கிரம் சாகச் செய்யும்.

சில நேரம் வெள்ளை அணு தானே வெடித்துச் சாகும். எல்பிஎஸ் வெளியே இருந்தால் டோல்-4 பார்க்கும் என்று சொன்னேன் அல்லவா, அது செல்லின் உள்ளே புகுந்துவிட்டால் மனிதர்களில் காஸ்பேஸ்-4, காஸ்பேஸ்-5 என்ற நொதிகள் நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். அவை காஸ்டெர்மின்-டி என்ற புரதத்தை வெட்ட, அது செல் சவ்வில் துளைகளைப் போட, செல் வீங்கி உடையும். கிருமி ஒளிந்திருந்த வீட்டையே இடித்துவிடும் வேலை. அபோப்டோசிஸ் மாதிரி சத்தமில்லாத சாவு இல்லை இது, உடைந்த செல்லிலிருந்து கொட்டுவதெல்லாம் சுற்றிலும் வீக்கத்தைக் கூட்டும்.

காசநோய்க் கிருமி வேறு ரகம், மேக்ரோபேஜ் உள்ளேயே குடித்தனம் நடத்தும்.

தோட்டத்தில் எலிக்காய்ச்சல் ஏன் இவ்வளவு மோசமாகப் போகிறது?

கெஞ்சிங் திக்குஸ் என்று மலாயில் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமே இல்லை. உதிர்ந்த பழத்தைத் தின்று கொழுக்கும், அதைப் பிடிக்கவே பல தோட்டங்களில் பெட்டி கட்டிக் கூகை வளர்க்கிறார்கள். எலி மூத்திரம் கலந்த அல்லூர் (வடிகால்) தண்ணீரில் வெட்டுக் காயத்தோடு இறங்கினால் கிருமி உள்ளே வந்துவிடும்.

இந்தக் கிருமியிடமும் எல்பிஎஸ் இருக்கிறது, ஆனால் அதன் லிப்பிட்-ஏ வித்தியாசமானது. நம் டோல்-4க்கு அது தெரிவதில்லை, டோல்-2 தான் ஓரளவு கண்டுகொள்கிறது. சுண்டெலியின் டோல்-4க்கோ அது நன்றாகவே தெரியும். எலி வகைகள் கிருமியைச் சுமந்துகொண்டு சாதாரணமாக ஓடித் திரிவதற்கும் நாம் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடப்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம், முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

பிளேக் கிருமிக்கும் இதே தந்திரம் உண்டு. தெள்ளுப்பூச்சியின் குளிர்ந்த உடம்பில் ஒரு மாதிரி லிப்பிட்-ஏ, 37 டிகிரி மனித உடம்புக்குள் வந்ததும் டோல்-4க்குப் பிடிபடாத வேறு மாதிரி லிப்பிட்-ஏ.

எலிக்காய்ச்சலுக்கு ஊசி போட்டதும் அப்பாவுக்கு நடுக்கம் கூடிவிட்டது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

அலர்ஜியாகவும் இருக்கலாம் என்பதால் முதலில் நர்ஸிடம் சொல்லுங்கள், நீங்களே முடிவு செய்ய வேண்டாம். ஆனால் இந்த வகைச் சுருள் கிருமிகளில் தெரிந்த ஒரு விஷயம் உண்டு, யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்று பெயர். ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொத்தாகக் கொல்ல, உடைந்த பாகங்கள் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கொட்டும், வெள்ளை அணுக்கள் பொங்கி எழும். மருந்து போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் ஏறி, பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். இதற்குப் பயந்து மருந்தை நிறுத்திவிட்டு அப்பாவை வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள், அதுதான் ஆபத்து.

இனிப்பு நீர் இருப்பவர்கள் மண்ணில் வேலை செய்யக் கூடாதா?

செய்யலாம், செருப்பில்லாமல் செய்யக் கூடாது. நம் மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் மெலியோய்டோசிஸ் கிருமி வாழ்கிறது. ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் 1912இல் இந்த நோயை எழுதிவைத்தார்கள், 1921இல் இந்தப் பெயரைச் சூட்டியவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் இருந்த ஸ்டான்டனும் ஃப்ளெட்சரும். அதாவது இது நம் ஊர் நோய்தான், ஆனாலும் நம் ஆட்கள் பலர் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

இந்தக் கிருமியின் மேலுறை வெள்ளை அணு பிடிக்க முடியாமல் வழுக்கும், அதன் எல்பிஎஸ் ஈ.கோலையுடையதைவிட மெதுவாகத்தான் மணியடிக்கும். விழுங்கப்பட்டாலும் உள்ளேயே பிழைத்து, பக்கத்துச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடுத்த வீட்டுக்கு வெளியே வராமலே போய்விடும். சர்க்கரை கட்டுப்படாத உடம்பில் நியூட்ரோபில் மெதுவாக நகரும், கொல்லும் திறனும் குறையும். இரண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். மழைக்காலத்தில் இனிப்பு நீர்க்காரருக்கு விடாத காய்ச்சல் வந்தால், மண், தண்ணீர் வேலை செய்வதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும். ஊசி சில வாரம், மாத்திரை குறைந்தது மூன்று மாதம் என்று நீளும் வைத்தியம் இது.

செம்பனை முள் குத்தி எடுத்த பிறகும் மூட்டு வீங்குகிறதே?

முள்ளின் நுனி உள்ளே உடைந்து நின்றிருக்கலாம், அதோடு கிருமியும். செடிகளில் வாழும் பேன்டோயா என்ற கிராம்-நெகட்டிவ் கிருமி முள் குத்திய மூட்டுகளில் கிடைப்பது உண்டு. துண்டு உள்ளே இருக்கும்வரை வெள்ளை அணு சண்டையை நிறுத்தாது. மஞ்சள் பூசிக்கொண்டு காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

எனக்கு 39 டிகிரி காய்ச்சல், வெள்ளை அணு 2,800 தான். மெஷின் பழுதா?

மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. டிங்கியாக இருக்கலாம், அது வைரஸ், அதனிடம் எல்பிஎஸ்ஸும் இல்லை சுவரும் இல்லை, வெள்ளை அணு குறைவதுதான் வழக்கம். டைஃபாய்டு பாக்டீரியாவாக இருந்தாலும் அதிலும் குறையலாம், அந்தக் கிருமி தன் எல்பிஎஸ்ஸை விஐ என்ற உறைக்குள் மறைத்துக்கொள்ளும்.

வெள்ளை அணுவைக் கூட்டும் பானம் ஒன்றை வீட்டுக்கு வந்து விற்கிறார்கள். வாங்கலாமா?

நீங்கள் மேலே படித்ததை வைத்து, எந்த வெள்ளை அணுவை, எங்கே, எவ்வளவு நேரத்துக்குக் கூட்டும் என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். கிருமியின் பாகத்தை வைத்து எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புவது நிஜமான வைத்தியத்தில் இருக்கிறது. அக்கித் தடுப்பூசியான ஷிங்ரிக்ஸில் நச்சு குறைக்கப்பட்ட லிப்பிட்-ஏ சேர்க்கிறார்கள், டோல்-4ஐ அளவோடு எழுப்புவதற்கு. அளவு, இடம், நேரம் மூன்றையும் கணக்குப் பார்த்துச் செய்வது அது. முந்நூறு வெள்ளி பாட்டிலில் அந்தக் கணக்கு எதுவும் இல்லை.

ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

வெள்ளை அணு பார்க்க மட்டும் என்றால் வேண்டாம், சாப்பிட்டுவிட்டே வாருங்கள். ஆனால் காலையெல்லாம் குலை வெட்டிவிட்டு வியர்வையோடு நேராக வராதீர்கள், கடும் உழைப்புக்குப் பிறகு குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோபில்கள் ரத்தத்துக்கு வந்து எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும். மூட்டு வலிக்கு ஏதாவது மாத்திரையோ நாட்டு மருந்தோ எடுத்தால் அதையும் சொல்லிவிடுங்கள், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த பொருள்களைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்திருக்கிறது, அந்த ஸ்டீராய்டும் கிருமியே இல்லாமல் நியூட்ரோபிலை ஏற்றிவிடும். பெயர் தெரியாவிட்டால் பாக்கெட்டையே கையோடு கொண்டு வாருங்கள்.